1969 ஜாவா 250: புதிய பெண்டு பைப், சைலன்சர் ஜோடி பொருந்த மறுக்கிறது

#1 · ஏற்காட்டுச்சாலை · சேலம்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது மைசூரில் தயாரான 1969 ஜாவா மோட்டார் சைக்கிள், 353 வகை. ஒரே சிலிண்டர்தான், ஆனால் இரு பக்கமும் புகைக்குழாய் உண்டு. சித்தப்பாவிடமிருந்து வந்தது. பழைய சைலன்சர்கள் இரண்டும் அடிப்பக்கம் அரித்துப்போய், கட்டைவிரலால் அழுத்தினால் தகடு உள்ளே போகும் நிலைக்கு வந்துவிட்டன. சென்னைக் கடை ஒன்றிலிருந்து புதிய ஜோடி வரவழைத்தேன்: இரண்டு பெண்டு பைப் (சிலிண்டரிலிருந்து சைலன்சருக்கு வளைந்து போகும் குழாய்), இரண்டு சைலன்சர், பைப்பைச் சிலிண்டரில் பிடிக்கும் இரண்டு வளைய நட்டு, நடுவே கசிவைத் தடுக்கும் பேக்கிங்.

வலப்பக்கம், நட்டு இரண்டு மரை பிடித்ததும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஏறவில்லை. இடப்பக்கம் நட்டு ஒழுங்காக ஏறுகிறது. ஆனால் சைலன்சரின் பின்பக்கத் துளைக்கும் வண்டியின் பிராக்கெட் துளைக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடைவெளி. கையால் தள்ளினால் சேர்கிறது, விட்டால் பழைய இடத்துக்கே போய்விடுகிறது.

எங்கள் ஊர் மெக்கானிக் சொல்வது இதுதான்: “இழுத்துப் போல்ட்டைப் போட்டுவிடுங்கள், ஓட ஓடத் தானாக அமர்ந்துகொள்ளும். வலப்பக்க நட்டை உளி வைத்து நான்கு தட்டுத் தட்டினால் ஏறிவிடும்.” செய்யலாமா?

#2 · கரியுமிழி · ஈரோடு

செய்யாதீர்கள்.

ஓட ஓட அமரும் என்பது பொய்யல்ல. அமரத்தான் செய்யும், சிலிண்டரின் மரையைத் தின்றுவிட்டு அமரும். அந்த மரை வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. நட்டு கெட்டால் புது நட்டு வாங்கலாம். சிலிண்டர் வாயில் மரை போனால் லேத்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பின்பக்கத்தில் ஒரு விரல் அகலம் இழுத்துப் பூட்டினால் அந்த இழுப்பு முழுவதும் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? பெண்டு பைப்பும் சைலன்சரும் சேர்ந்து ஒரு நீண்ட நெம்புகோல். அதன் மறுமுனை சிலிண்டர் வாயில் இருக்கிறது. ஒற்றை சிலிண்டர் என்ஜினின் அதிர்வு அந்த நெம்புகோலை நாள் முழுவதும் ஆட்டும். முதலில் பேக்கிங் கசியும், பிறகு நட்டு தளரும், தளர்ந்த நட்டு மரையை அரைக்கும். இல்லையென்றால் பிராக்கெட் பக்கத்தில் சைலன்சர் தகடு விரிசல் விடும். எது முந்தும் என்பது மட்டும்தான் வண்டிக்கு வண்டி வேறுபடும்.

உளி பற்றிப் பேசவே வேண்டாம். கொக்கி ஸ்பேனர் ஒன்று வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் தடித்த பட்டையில் வளைத்துச் செய்துகொள்ளுங்கள். ஜாவா வண்டிகளின் வளைய நட்டுகளில் பாதிக்கு மேல் உளித் தழும்போடுதான் என் பட்டறைக்கு வருகின்றன.

இப்போது இரண்டு காரியம் செய்து படம் போடுங்கள். டார்ச் அடித்து இரண்டு போர்ட்டுக்குள்ளும் (சிலிண்டரில் புகை வெளியேறும் வாய்) பாருங்கள். பைப்பின் காலர் (முனையில் பற்றவைத்த விளிம்பு) போய் உட்கார வேண்டிய இடம் வரை, விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழம் என்று இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். பேக்கிங்கைத் தொடாதீர்கள்.

#3 · வேகப்பிரியன் · மதுரை

இவ்வளவு தலைவலி எதற்கு அண்ணா? இடப்பக்கப் போர்ட்டை ஒரு தகடு வைத்து அடைத்துவிட்டு, வலப்பக்கம் மட்டும் ஒரு குட்டைச் சைலன்சர் போட்டால் எடையும் குறையும், சத்தமும் கம்பீரமாக இருக்கும். பந்தயத்து டூ ஸ்ட்ரோக்குகளில் இருப்பதுபோல் வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் ஒன்றைச் செய்து மாட்டினால் பவர் இரட்டிப்பாகும் என்கிறார்களே?

#4 · கரியுமிழி · ஈரோடு

தம்பி, ஒரு போர்ட்டை அடைத்தால் அந்தப் பக்கத்து எரிந்த வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் சூடேறும். வண்டி உங்களுடையதாக இருந்தால் உங்கள் விருப்பம். அடுத்தவர் வண்டிக்கு இப்படி யோசனை சொல்லாதீர்கள்.

#5 · அளவுகோல் · கோயம்புத்தூர்

வேகப்பிரியன் கேட்டதில் நியாயமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன், இழையை நெடுநேரம் திசை திருப்பமாட்டேன்.

டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் சத்தத்தை அடக்க மட்டும் இல்லை. வால்வு கிடையாது அல்லவா, போர்ட் திறந்திருக்கும் நேரத்தில் புதிய கலவையில் ஒரு பங்கு எரிந்த வாயுவோடு சேர்ந்து வெளியே ஓடப் பார்க்கும். போர்ட் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை பைப்பின் வழியே போய், குறுகும் இடத்தில் மோதித் திரும்பி வரும். சரியான நொடியில் திரும்பினால் ஓடிப்போகும் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். தவறான நேரத்தில் வந்தால் காரியத்தைக் கெடுக்கும்.

தோராயக் கணக்கு ஒன்று. நிமிடத்துக்கு 4,500 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 13.3 மில்லி நொடி. போர்ட் 145 பாகை அளவுக்குத் திறந்திருப்பதாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 5.4 மில்லி நொடி. சூடான வாயுவில் அலை நொடிக்கு 500 மீட்டர் அளவில் ஓடும். அப்படியானால் போய்த் திரும்ப 2.7 மீட்டர், ஒரு வழிக்கு 1.35 மீட்டர். அதாவது பைப்பின் நீளம், குறுகும் இடம், உள்ளே இருக்கும் குழல் எல்லாம் அந்த என்ஜினின் சுற்றுக்கு ஏற்ப அமைய வேண்டியவை.

இந்தக் கணக்கைப் பந்தயத்தில் நிரூபித்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்துப் பொறியாளர் வால்டர் காடன். 1961-இல் அவருடைய 125 சிசி என்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது, அதாவது லிட்டருக்கு 200. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி சுசுகியில் சேர்ந்தார், 1962-இல் சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் கிடைத்தது. சேம்பர் வேலை செய்யும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த என்ஜினின் போர்ட், கார்புரேட்டர், இக்னிஷன் அனைத்தும் சேம்பரோடு சேர்த்து அமைத்தவை. 65 × 75 மி.மீ. நீண்ட ஸ்ட்ரோக் உடைய, நிதானமாக இழுப்பதற்காகவே செய்த ஜாவாவில் சேம்பரை மட்டும் மாட்டினால், இவர் அன்றாடம் ஓட்டும் வேகத்தில் இழுவை குறையும். ஏற்காடு ஏறும்போது தெரிந்துவிடும்.

#6 · சட்டப்புத்தகம் · திருச்சி

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சைலன்சர் இல்லாமலோ ஒப்புக்கு ஒன்றை மாட்டிக்கொண்டோ ஓட்டுவது மத்திய மோட்டார் வாகன விதி 120-க்கு எதிரானது. சத்த வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமமும் மூன்று மாதம் முடங்கும்.

ஏற்காட்டுச்சாலை அவர்களுக்கு: உங்கள் வண்டி 50 ஆண்டைக் கடந்துவிட்டது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதிய விரும்பினால் சேஸி, உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான். தினமும் ஓட்டுபவராக இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

#7 · புதுப்பேட்டைவாசி · சென்னை

கடையில் கிடைக்கும் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் மூடியது. அதன்பின் கிடைப்பதெல்லாம் சிறு பட்டறைகளில் செய்த நகல், அல்லது எங்கோ கிடங்கில் கிடந்த பழைய சரக்கு. நகல் என்றால் மோசம் என்று பொருளில்லை. ஆனால் ஒரே அச்சில் வந்தவை என்று நம்பிவிடாதீர்கள். ஒரே பெட்டியில் வரும் இரண்டு பைப்புக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும்.

முதலில், இடம் வலம் மாறிப்போகவில்லையே? இரண்டு பெண்டையும் தரையில் எதிரெதிராக வையுங்கள். கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று அச்சாகப் படிந்தால் கடைக்காரர் இரண்டும் ஒரே பக்கத்துக்கானதை அனுப்பிவிட்டார். அடுத்தது, ரோட்கிங் (அதே தொழிற்சாலையின் பிந்தைய வண்டி) பெண்டைக் கலந்து கொடுப்பதும் நடக்கிறது. அந்த என்ஜினே வேறு வம்சம், வளைவும் வேறு.

தகட்டின் கனத்தைப் பாருங்கள். பழைய பெண்டைக் கையில் எடுத்துப் புதியதோடு ஒப்பிட்டால் எடையிலேயே தெரியும். 20 கேஜ் என்றால் 0.9 மி.மீ.; 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ. மெல்லிய பைப் சூட்டில் சீக்கிரம் நீலம் பாயும், காலர் பற்றவைத்த இடத்தில் சீக்கிரம் விரிசல் விடும். குரோம் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. துருவைத் தடுப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல்தான், மிச்சம் பிடிப்பவர்கள் கை வைப்பதும் அதில்தான்.

கடைசியாக, பழைய சைலன்சர்களை இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓட்டை விழுந்திருந்தாலும் அளவுக்கு அவைதான் ஆதாரம்.

#8 · ஏற்காட்டுச்சாலை · சேலம்

எல்லாருக்கும் நன்றி. பெண்டுகளைத் தரையில் வைத்துப் பார்த்தேன், இடம் வலம் சரியாகவே இருக்கின்றன. ஜாவா பெண்டுதான், பழையதோடு வளைவு ஒத்துப்போகிறது. தகடு பழையதைவிடக் கொஞ்சம் மெல்லிசு.

கரியுமிழி ஐயா கேட்ட அளவு: இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் ஆழம் 4 மி.மீ. குறைவு. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்ததில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. கரி படிந்த கருப்பு வளையமான விளிம்பு, அவ்வளவுதான். படம் இணைத்திருக்கிறேன். சிலிண்டரே இரு பக்கமும் வேறு வேறு அளவில் வார்த்ததாக இருக்குமோ?

#9 · கரியுமிழி · ஈரோடு

வார்ப்பில் 4 மி.மீ. வித்தியாசம் வராது. படத்தில் நீங்கள் விளிம்பு என்று நினைப்பது விளிம்பு அல்ல. பழைய பேக்கிங்.

ஐம்பது ஆண்டில் யாரோ ஒருவர் பைப்பைக் கழற்றியபோது பேக்கிங் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதன் மேலேயே இன்னொன்றை வைத்துப் பூட்டியிருக்கிறார். பிறகு கரியும் எண்ணெயும் சுட்டுச் சுட்டு எல்லாம் ஒன்றாகிவிட்டது. பழைய காலரின் விளிம்பு தேய்ந்து மெலிந்திருக்கும், அதனால் அது எப்படியோ பிடித்துக்கொண்டது. புதிய காலர் முழுக் கனத்தோடு வருகிறது, அதன் மேல் நீங்கள் மூன்றாவது பேக்கிங்கையும் வைத்தீர்கள். நட்டு எப்படி ஏறும்?

எடுக்கும் விதம்: கிக்கரை மெதுவாக அழுத்தி பிஸ்டனை மேலே கொண்டுவாருங்கள். மேலே நிற்கும்போது பிஸ்டனின் பாவாடைப் பகுதி போர்ட்டை மூடிக்கொள்ளும். அதன் முன்னால் கிரீஸ் தடவிய துணியைத் திணித்துவிடுங்கள், உதிரும் துகள் உள்ளே போகாது. துரு இளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் கூர்மையான கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக்கொண்டு, வளையத்துக்கும் வார்ப்புக்கும் நடுவே கோடு தெரியும் இடத்தைத் தேடுங்கள். கோடு நிச்சயம் இருக்கும், கரிக்கு அடியில் ஒளிந்திருக்கும். அங்கே நுனியை நுழைத்து உள்பக்கமாக, நடுவை நோக்கிச் சுருட்டுங்கள். வெளிப்பக்கமாக நெம்பினால் மரையில் கீறல் விழும்.

அவசரம் வேண்டாம். ஓர் இடத்தில் கிளம்பிவிட்டால் மீதி தானாக வரும்.

#10 · அளவுகோல் · கோயம்புத்தூர்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், தயவுசெய்து அலட்சியம் செய்ய வேண்டாம். அந்தக் காலத்துப் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காய்ந்த நிலையில் சுரண்டக் கூடாது, ஊதக் கூடாது, கம்ப்ரெசர் காற்று அடிக்கவே கூடாது. எண்ணெயில் ஊறி ஈரமாக இருக்கும்போதே எடுங்கள். முகமூடி போடுங்கள். துகளை ஈரத் துணியில் துடைத்து, துணியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள்.

மறுபடி வைக்க செம்பு வளையமோ கிராஃபைட் பேக்கிங்கோ நல்லது. செம்பு வளையம் என்றால் வைப்பதற்கு முன் அடுப்பில் பிடித்து மங்கிய சிவப்பு வரும்வரை சூடேற்றித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். கையால் வளைக்கும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். மேலே படியும் கருப்புச் செதிலைத் தேய்த்து எடுத்துவிட்டு வையுங்கள்.

சிவப்புச் சிலிகான் பேஸ்ட்டைச் சிலிண்டர் வாயில் அப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த இடத்தின் சூடு அதற்குத் தாங்காது, கருகி உதிரும். பெண்டும் சைலன்சரும் சேரும் இடத்தில் வேண்டுமானால் மெல்லியதாகத் தடவலாம்.

#11 · ஏற்காட்டுச்சாலை · சேலம்

வந்துவிட்டது! ஐயா சொன்னபடியே கரிக்கு அடியில் மயிரிழை போல ஒரு கோடு. அங்கே கம்பியை நுழைத்துச் சுருட்டியதும் வளையம் இரண்டாக மடிந்து வெளியே வந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் ஓரத்தில் செம்புத் தகடு, நடுவே சாம்பல் நிறத்தில் நார். நசுங்கி, ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் காகிதம் போலவும் இருந்தது. அடியில் வார்ப்பிரும்பின் உண்மையான விளிம்பு, கடைந்த தடம் கூட அழியாமல் பளிச்சென்று இருக்கிறது.

இப்போது வலப்பக்கம் நட்டு கையாலேயே முக்கால்வாசி ஏறுகிறது. இடப்பக்கத் துளைதான் மிச்சம்.

#12 · சாமுண்டிமலை · மைசூரு

நான் மைசூருவிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஜாவா நின்ற காலம் உண்டு, ஆகவே இந்த இடப்பக்கச் சங்கதி எனக்குப் பழக்கமானது.

சைலன்சரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் பிராக்கெட்டைச் சந்தேகியுங்கள். வண்டி எத்தனை முறை கீழே விழுந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? விழுந்தால் அடியை வாங்குவது சைலன்சர், அது அடியைக் கடத்துவது பிராக்கெட்டுக்கு. பழைய சைலன்சரும் சேர்ந்தே வளைந்திருந்ததால் இரண்டும் ஒன்றுக்கொன்று சமாதானமாக இருந்தன. புதிய நேரான சைலன்சர் வந்ததும் குட்டு வெளிப்பட்டது.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன்சக்கரத்தை நேராக வைத்து, ஒரு நூலை ஸ்டீரிங் தலையின் நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை இழுத்துக் கட்டுங்கள். அந்த நூலிலிருந்து இரு பக்கத்துப் பிராக்கெட் துளைக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு பின்சக்கர அச்சிலிருந்து அதே துளைகளுக்கு அளவெடுங்கள். அதோடு என்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இறுக்கமா என்றும் பாருங்கள். என்ஜின் ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தால் நீங்கள் சைலன்சரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

#13 · ஏற்காட்டுச்சாலை · சேலம்

என்ஜின் போல்ட்டுகள் இறுக்கமாகவே இருக்கின்றன. நூல் கட்டி அளந்ததில் வலப்பக்கத்தைவிட இடப்பக்கப் பிராக்கெட் 9 மி.மீ. உள்ளே இருக்கிறது. அச்சிலிருந்து எடுத்த அளவில் இரு பக்கமும் ஒன்றுதான். அப்படியானால் முன்பின்னாக நகரவில்லை, உள்நோக்கி மட்டும் மடங்கியிருக்கிறது. சித்தப்பாவிடம் கேட்டேன். “விழவே இல்லை” என்கிறார். சித்தி அருகிலிருந்து சிரித்தார்.

இதை நிமிர்த்தவா, அல்லது நடுவில் வாஷர் கொடுத்து நிரப்பவா?

#14 · அளவுகோல் · கோயம்புத்தூர்

நிரப்புங்கள். பழைய சேஸியில் பற்றவைத்த பிராக்கெட்டை நிமிர்த்தும்போது பற்றின் ஓரத்தில் விரிசல் விடலாம். 9 மி.மீ. கனத்துக்கு லேத்தில் ஒரு புஷ் (இடைவெளியை நிரப்பும் குழல்துண்டு) கடைந்து, நீளமான போல்ட்டு போட்டால் தீர்ந்தது. வேண்டாம் என்றால் நாளை கழற்றியும் விடலாம்.

#15 · கரியுமிழி · ஈரோடு

இதில் எனக்கு உடன்பாடில்லை. 9 மி.மீ. புஷ் என்றால் சைலன்சரின் பாரம் முழுவதும் பிராக்கெட்டிலிருந்து தள்ளித் தொங்கும். ஆட்டத்தில் போல்ட்டு வளையும், துளை நீளும். மூன்று நான்கு மி.மீ. என்றால் நானும் வாஷர்தான் போடுவேன்.

பிராக்கெட் மென்மையான இரும்பு. சூடு வேண்டாம். நீளமான பட்டையில் வாய் வெட்டி, பிராக்கெட்டை முழு அகலத்துக்கும் கவ்வுமாறு மாட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். பற்றவைத்த இடத்தில் பெயிண்ட் வெடிக்கிறதா என்று ஒவ்வோர் இழுப்புக்கும் பார்த்துக்கொண்டே போங்கள். பெயிண்ட் வெடித்தால் நிறுத்திவிடுங்கள்.

#16 · அளவுகோல் · கோயம்புத்தூர்

ஐயா, உங்கள் கையில் அது நிமிரும். முதன்முறை செய்பவர் கையில்? பாதி நிமிர்த்தி மீதிக்கு வாஷர் போடலாம் என்று நடுவழிக்கு வருகிறேன். பற்றில் சந்தேகம் தோன்றினால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

#17 · கரியுமிழி · ஈரோடு

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆறு நிமிர்த்துங்கள், மூன்று நிரப்புங்கள்.

#18 · சாமுண்டிமலை · மைசூரு

பூட்டும் வரிசையை யாரும் இன்னும் எழுதவில்லையே, அதுதான் இந்த வேலையின் உயிர்.

முதலில் எதையும் இறுக்காதீர்கள். பேக்கிங்கை வைத்துப் பெண்டைச் சொருகி வளைய நட்டைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். மரையில் மெல்லியதாகக் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். நட்டைத் தொடங்கும்போது முதலில் எதிர்ப்பக்கமாக அரைச் சுற்றுச் சுற்றுங்கள். மரை ஒன்றின் மேல் ஒன்று இறங்கும் ‘டிக்’ என்ற உணர்வு விரலில் வரும். அங்கிருந்து முன்பக்கமாகத் திருப்பினால் குறுக்கே ஏறாது.

பிறகு சைலன்சரைப் பெண்டில் சொருகி, கிளாம்பைத் தளர்வாக விட்டு, பின்போல்ட்டை நுழைத்துப் பாருங்கள். கையால் தள்ளாமல், நெம்பாமல் போல்ட்டு தன் பாட்டில் நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் சைலன்சரைக் கொஞ்சம் சுழற்றுங்கள், பெண்டைக் கொஞ்சம் சுழற்றுங்கள், சொருகிய ஆழத்தைக் கூட்டிக் குறையுங்கள். இரு பக்கமும் சொருகிய ஆழம் ஒன்றாக இருக்கட்டும். வால் நுனிகள் இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் நிற்கின்றனவா என்று பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். இந்த வண்டியின் அழகே அந்த இரட்டை வால்தான், ஒன்று தாழ்ந்திருந்தால் கண்ணை உறுத்தும்.

எல்லாம் சேர்ந்த பிறகே இறுக்கம். சிலிண்டர் நட்டு முதலில், கிளாம்ப் அடுத்து, பின்போல்ட்டு கடைசி. நீங்கள் தலைகீழாக, பின்போல்ட்டிலிருந்து தொடங்கினால் மிச்சமிருக்கும் கோணல் எல்லாம் சிலிண்டர் வாய்க்குப் போய்ச் சேரும்.

வலப்பக்கம் பிரேக் மிதி முழுவதும் கீழே போகும்போது சைலன்சரில் இடிக்கிறதா, பின்சக்கர அச்சை உருவ வழி இருக்கிறதா, ஆள் ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் இறங்கும்போது எதுவும் உரசுகிறதா என்று பாருங்கள். நடுரோட்டில் பஞ்சர் ஆகிப் பின்சக்கரத்தைக் கழற்றச் சைலன்சரையும் கழற்ற வேண்டி வந்தால் அன்றைய பொழுது வீண்.

என்ஜினைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். வெதுவெதுப்பு இருக்கும்போதே நட்டை மறுபடி இறுக்குங்கள். கால் சுற்று நிச்சயம் கிடைக்கும்.

#19 · ஏற்காட்டுச்சாலை · சேலம்

பொருத்திவிட்டேன். பிராக்கெட் ஆறு மி.மீ. நிமிர்ந்தது, பெயிண்ட் வெடிக்கவில்லை. மூன்று மி.மீ. வாஷர். போல்ட்டு கைவிரலால் நுழைந்தது. வெதுவெதுப்பில் நட்டும் சொன்னபடி கால் சுற்று ஏறியது.

இப்போது புதிதாக ஒன்று. முதல் கால் மணி நேரம் இரு பக்கமும் வெள்ளைப் புகை, நாற்றம். பிறகு நின்றுவிட்டது. ஆனால் கன்னங்குறிச்சி வரை போய்த் திரும்பியதற்குள் வலப்பக்கப் பெண்டு நட்டுக்கு அருகே நீலம் பாய்ந்துவிட்டது. இடப்பக்கம் அப்படியே வெள்ளியாக இருக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாகப் போகிறதோ? பிளக்கைப் பார்த்தேன், காப்பித்தூள் நிறத்தில்தான் இருக்கிறது. பெட்ரோலில் எண்ணெய் லிட்டருக்கு 40 மில்லி ஊற்றுகிறேன்.

#20 · புதுப்பேட்டைவாசி · சென்னை

வெள்ளைப் புகை, பட்டறையில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவி அனுப்பிய எண்ணெய். அதை விடுங்கள். நீலம் பாய்வது மெல்லிய தகட்டின் குணம்.

#21 · கரியுமிழி · ஈரோடு

மெல்லிய தகடு என்றால் இரண்டும் மெல்லிசுதானே? ஒன்று மட்டும் ஏன் நீலம்?

கலவை குறைந்தாலும் சரி, இக்னிஷன் பிந்தினாலும் சரி, ஒரே சிலிண்டரிலிருந்து வரும் வாயு இரு பைப்பையும் ஒன்றுபோலச் சுட வேண்டும். பிளக் நிறமும் சரி. ஆகவே கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் ஒரு பக்கம் மட்டும் அதிக வாயு போகிறது. அதாவது மறுபக்கம் அடைப்பு.

ஐட்லிங்கில் விட்டுத் தடித்த கையுறை போட்ட கையை இரண்டு வாலுக்கும் பின்னால் நான்கு விரல் தள்ளி மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். உந்தல் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

#22 · ஏற்காட்டுச்சாலை · சேலம்

வலப்பக்கம் கையைத் தள்ளுகிறது. இடப்பக்கம் பெருமூச்சு விடுவதுபோல் மெல்ல வருகிறது. புதிய சைலன்சரில் அதற்குள் கரி அடைக்குமா?

#23 · புதுப்பேட்டைவாசி · சென்னை

கரி அடைக்காது. சைலன்சருக்குள் இருக்கும் துளையிட்ட உள்குழலைக் கழற்றிப் பாருங்கள், வால் பக்கத்திலிருந்து உருவிவிடலாம். பழைய சைலன்சரின் உள்குழலையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். துளைகளை எண்ணுங்கள். இரும்புக்கடைக்குப் போடவில்லையே?

#24 · ஏற்காட்டுச்சாலை · சேலம்

போடவில்லை, நல்லவேளை. பழைய இரண்டிலும் துளை ஒன்றுபோல் இருக்கிறது. புதிய வலப்பக்கத்தில் அதே எண்ணிக்கை. புதிய இடப்பக்கத்தில் ஒரு வரிசை துளையே போடவில்லை! இருக்கும் துளைகளிலும் மூன்றில் பற்றவைத்த இரும்புத் துளி உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது.

#25 · வேகப்பிரியன் · மதுரை

உள்குழலே இல்லாமல் ஓட்டிவிடலாமே என்று எழுத வந்தேன். அளவுகோல் அண்ணாவின் கணக்கு நினைவுக்கு வந்ததால் கேள்வியாக மாற்றிக்கொள்கிறேன்: துளையைக் கூட்டினால் என்ன ஆகும்?

#26 · அளவுகோல் · கோயம்புத்தூர்

கூட்டினால் சத்தம் கூடும், தாழ்ந்த சுற்றில் இழுவை தொங்கும். பழைய உள்குழலில் இருக்கும் விட்டத்திலேயே, அதே இடைவெளியில் விட்டுப்போன வரிசையை டிரில் செய்யுங்கள். உள்பக்கம் நிற்கும் பிசிறை வட்ட அரத்தால் தேய்த்துவிடுங்கள். பிசிறில்தான் முதலில் கரி பிடிக்கும்.

பழைய உள்குழல்கள் தகடு நன்றாக இருந்தால் அவற்றையும் சுத்தம் செய்து எடுத்து வைக்கலாம். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓர் இரவு ஊறப்போட்டால் கரி கூழாகிவிடும். தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அதைத் தின்று ஹைட்ரஜன் விடும். ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். குரோம் பூச்சின் மேல் வழியவிடாதீர்கள்.

#27 · ஏற்காட்டுச்சாலை · சேலம்

டிரில் செய்து பூட்டினேன். இரு பக்கமும் உந்தல் ஒன்றுதான். நேற்று ஏற்காடு ஏறி இறங்கினேன். முன்பு கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் மூச்சு வாங்கியது, இப்போது இல்லை. வலப்பக்க நீலம் பரவவில்லை, இருந்தது இருக்கிறது. கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். வேறு உள்குழல் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், பார்க்கலாம்.

இடப்பக்கக் கிளாம்பில் மட்டும் ஒரு சொட்டுக் கருப்பு எண்ணெய் கசிகிறது.

#28 · கரியுமிழி · ஈரோடு

வண்டியைச் சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்த்து நிறுத்துகிறீர்கள். எரியாத எண்ணெய் அங்கேதான் சேரும். கிளாம்பை அரைச் சுற்று இறுக்கி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் இணைப்பில் கிராஃபைட் கயிறு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நீலத்தை எடுக்கப் பாலிஷ் கடைக்குப் போகாதீர்கள், அவர்கள் நீலத்தோடு குரோமையும் எடுத்துவிடுவார்கள்.

#29 · புதுப்பேட்டைவாசி · சென்னை

ஏற்காட்டுச்சாலை அவர்களே, பழைய பெண்டு பைப் இரண்டையும் கொடுக்கும் எண்ணம் உண்டா? கனத் தகடு என்றீர்கள். என்னிடம் 1972 வண்டி ஒன்று பெண்டு இல்லாமல் நிற்கிறது.

#30 · ஏற்காட்டுச்சாலை · சேலம்

கொடுப்பதற்கில்லை ஐயா, நீங்கள்தானே வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். சேலம் வந்தால் அளவெடுத்துக்கொள்ளலாம். அட்டையில் வளைவை வரைந்து தபாலிலும் அனுப்புகிறேன்.